பக்கத்தில் ஒரு நுரையீரல் நிபுணர்: புறா வளர்க்காத வீட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மூச்சுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். நுரையீரல் டாக்டர்கள் எழுதி அனுப்பும் ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதி அளப்பது), டிஎல்சிஓ (ரத்தத்துக்கு வாயு கடப்பதை அளப்பது), ஆறு நிமிட நடை போன்ற சோதனைகளை எடுத்துத் தருவது என் வேலை. வருகிறவர்கள் கையில் ஒரு கோப்பு இருக்கும். அதைப் புரட்டினாலே எங்கெல்லாம் அலைந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இங்கே எழுதப்போகும் நோயாளியின் கோப்பு நல்ல கனம். ஆனால் முதலில் இருந்திருக்க வேண்டிய தாள் அதில் இல்லை: ஊதிப் பார்த்த ரிப்போர்ட். ஓராண்டுக்கு மேல் ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்துக்கொண்டவரை ஒருமுறைகூட யாரும் ஊதச் சொல்லவில்லை.

நோயாளி, அவருடைய மகன் இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

ஐம்பதைக் கடந்த பள்ளி ஆசிரியை. புகைபிடித்ததே இல்லை, வீட்டிலும் யாரும் பிடிப்பதில்லை. வறட்டு இருமலில் ஆரம்பித்திருக்கிறது. பாடம் நடத்தும்போது வாக்கியத்தின் நடுவில் நின்று மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சில மாதங்களில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. சில நாள் சாயங்காலம் உடம்பு கணகணவென்று இருக்கும், காலையில் சரியாகிவிடும். எடையும் கொஞ்சம் இறங்கியது. வயசு, வேலை, களைப்பு என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு சமாளித்திருக்கிறார்.

முதலில் போனது குடும்ப டாக்டரிடம். அதில் தப்பே இல்லை. பெரியவர்களுக்கு 8 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அதை நாள்பட்ட இருமல் என்பார்கள். அதற்கு அடிக்கடி காரணமாவது ஆஸ்துமா, மூக்கிலிருந்து தொண்டைக்குப் பின்னால் வழியும் சளி, வயிற்று அமிலம் மேலேறுவது, ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஏஸ் இன்ஹிபிட்டர் வகை மாத்திரை ஆகியவை. இவற்றைக் குடும்ப டாக்டரே பார்த்துவிடலாம். அவர் எக்ஸ்ரே எடுத்தார், காசநோய்க்குச் சளியைப் பரிசோதித்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. பிறகு ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இன்ஹேலர் எழுதினார்.

அந்தச் சீட்டில் ‘ஆஸ்துமா’வுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அடுத்த சீட்டில் அந்தக் கேள்விக்குறி இல்லை. இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது அதுதான். சந்தேகமாக எழுதியது, யாரும் எதையும் அளக்காமலேயே முடிவாகிவிட்டது.

தேடல்

இன்ஹேலரில் பலன் தெரியாமல் போனதும், நுரையீரல் டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று மகன் முடிவுசெய்தார். எல்லோரையும் போலவே கைப்பேசியில் தேடினார். மேலே வந்தவருக்கு நட்சத்திரங்கள் நிறைய, வீட்டுக்கும் பக்கம். அம்மாவை அழைத்துக்கொண்டு போய் வரிசையில் காத்திருந்து உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அவர் மார்பு அறுவை சிகிச்சை நிபுணர். “அம்மா, உங்களுக்கு ஆபரேஷன் எதுவும் தேவைப்படல. நீங்க பார்க்க வேண்டியது நுரையீரல் மருத்துவரை” என்று அவரே தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தக் குழப்பம் பலருக்கும் நேர்கிறது. பல்மனாலஜிஸ்ட், நெஞ்சக நோய் மருத்துவர், சுவாச நோய் நிபுணர் என்று பெயர்ப்பலகையில் பலவிதமாக இருந்தாலும், மருந்தாலும் சோதனையாலும் நுரையீரலைப் பார்ப்பவர் அவர்தான். மார்பு அறுவை சிகிச்சை நிபுணர் வேறு. அலர்ஜி நிபுணர் வேறு. காது மூக்கு தொண்டை டாக்டரும் வேறு. நுரையீரல் மருத்துவர்களுக்குள்ளேயே தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பார்ப்பவர், குழாய் விட்டு உள்ளே பார்க்கும் பிராங்கோஸ்கோபியில் தேர்ந்தவர், நுரையீரல் தழும்பு நோய்களில் கவனம் செலுத்துபவர் என்று பிரிவுகள் உண்டு. குழந்தை என்றால் குழந்தைகள் நுரையீரல் மருத்துவர் தனி. ஒருவர் உண்மையிலேயே என்ன படித்திருக்கிறார் என்பதை மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். நட்சத்திரங்களை எண்ணும் நேரத்தை அதற்குச் செலவிடலாம்.

அடுத்து, பேர்போன ஒரு நுரையீரல் நிபுணர். தொலைவு அதிகம், நேரம் கிடைக்கவே பல வாரம் ஆனது. அவரைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார். புகை, தூசி, செல்லப் பிராணி, பறவை எல்லாவற்றுக்கும் நேராக ‘இல்லை’ என்று அவர் சீட்டில் இருக்கிறது. இன்ஹேலரின் அளவைக் கூட்டினார், கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை தந்தார். சில வாரத்துக்கு இருமல் நன்றாகவே குறைந்தது.

அந்த நிம்மதிதான் பெரிய பொறியாகிவிட்டது. ஸ்டீராய்டு கேட்டால் அது ஆஸ்துமா என்று குடும்பமே நம்பிவிட்டது. நுரையீரலில் வேறு பல அழற்சிகளும் ஸ்டீராய்டுக்குக் கொஞ்சம் அடங்கும். மருந்துக்குக் குறைந்தது என்பதை வைத்து நோயின் பெயரை முடிவுசெய்ய முடியாது. மாத்திரை நின்றதும் இருமல் திரும்பியது. இந்தத் தடவை நடையும் சுருங்கிப்போயிருந்தது. வகுப்பறைக்கும் ஆசிரியர் அறைக்கும் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்ததாகச் சொன்னார்.

இந்தக் கட்டத்தில் மகன் தேடும் விதத்தையே மாற்றினார். ‘நல்ல டாக்டர் யார்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்குப் போன் போட்டு, என்னென்ன சோதனை அங்கேயே எடுக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அப்படி அவர் போட்ட ஒரு போனை எடுத்தது நான்தான்.

“சார், உங்ககிட்ட மூச்சு ஊதிப் பார்க்கிற டெஸ்ட் இருக்கா?”

“இருக்கு தம்பி. யாருக்கு?”

“அம்மாவுக்கு. இருமல் விடவே மாட்டேங்குது.”

“டாக்டர் சீட்டு இருக்கா?”

“இல்ல சார். எந்த டாக்டர்கிட்ட போகணும்னே தெரியல.”

இதுவரை எடுத்த எக்ஸ்ரே படங்கள் (ரிப்போர்ட் மட்டும் போதாது, படமே வேண்டும்), மாத்திரை அட்டைகள், இன்ஹேலர் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். இருமல் எப்போது ஆரம்பித்தது, எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிவரவும் சொன்னேன். எங்கள் நுரையீரல் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தேன்.

டாக்டர் அறையில்

எங்கள் டாக்டர் பெரிய பேர் எடுத்தவர் இல்லை. ஆனால் அவர் நோயாளியைப் பார்க்கும் வரிசை எனக்கு மனப்பாடம். முதலில் கை விரல்கள். நகத்தின் அடிப்பகுதி உப்பி, விரல் நுனி உருண்டிருக்கிறதா என்று பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பார். அதற்குக் கிளப்பிங் என்று பெயர். சாதாரண ஆஸ்துமாவில் அது வராது. இந்த அம்மாவுக்கு லேசாக இருந்தது. அப்புறம் முதுகுப் பக்கம், விலா எலும்புகளின் அடிவரை இறங்கி ஸ்டெதஸ்கோப் வைத்தார். மூச்சை உள்ளே இழுத்து முடிக்கிற இடத்தில் ஒரு கரகரப்பு. பையின் வெல்க்ரோவை மெதுவாகப் பிரித்தால் வருமே, அதே சத்தம். மருத்துவர்களே அதை வெல்க்ரோ சத்தம் என்றுதான் சொல்கிறார்கள். ஆஸ்துமாவில் கேட்பது விசில் மாதிரி, பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது. 1816-ல் லென்னக் என்ற பிரெஞ்சு டாக்டர் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில் பிறந்த கருவி, இன்றும் முதல் துப்பைக் கொடுக்கிறது. ஆனால் சட்டைக்கு மேலே, முன்பக்கம் மட்டும் வைத்துப் பார்த்தால் இது காதில் விழாது.

பிறகு கேள்விகள்.

“வீட்டில பறவை எதுவும் வளர்க்கிறீங்களாம்மா?”

“இல்லைங்க டாக்டர்.”

அங்கேயே அவர் நிற்கவில்லை. “ஜன்னல் பக்கம் புறா வருதா?”

“அது வரும் டாக்டர். ஏசி வெளிப்பெட்டி மேல கூடு கட்டியிருக்கு.”

“யாரு சுத்தம் பண்றது?”

“நான்தான். தினமும் காலையில எச்சத்தைச் சுரண்டிப் பெருக்கிடுவேன். இல்லேன்னா நாத்தம் தாங்காது.”

“வெளியூர் போனா இருமல் எப்படி இருக்கும்?”

இதற்கு மகன் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப பாதியா குறைஞ்சிருந்துச்சு டாக்டர். திரும்பி வந்ததும் பழையபடி ஆயிடுச்சு.”

இரண்டு டாக்டர்களிடமும் அந்த அம்மா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் பறவை வளர்க்கவில்லை. அறை ஜன்னலுக்கு வெளியே வந்து உட்காரும் புறாவை யாரும் ‘வளர்ப்பு’ என்று நினைக்க மாட்டார்கள். கேள்வியை இன்னும் ஒரு படி இறக்கிக் கேட்க ஒருவர் தேவைப்பட்டார். இறகுத் தலையணை, பூஞ்சை பிடித்த சுவர், தண்ணீர் மாற்றாத ஈரப்பதக் கருவி, பூசணம் பிடித்த வைக்கோல் என்று இந்தக் கேள்விப் பட்டியல் இன்னும் நீளும்.

அளவுகள்

அப்புறம் என்னிடம் வந்தார். மூக்குக்குக் கிளிப் போட்டு, ஊதுகுழாயை உதடு இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, “நல்லா இழுங்க… இன்னும் இழுங்க… இப்ப ஊதுங்க! விடாம, விடாம, விடாம…” என்று குரல் கொடுக்க வேண்டும். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்துவேன். நோயாளி முழு மூச்சையும் வெளியே தள்ளாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. ஒழுங்காக ஊதியது குறைந்தது மூன்று வேண்டும். அதில் மிகச் சிறந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 150 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும். இந்த அம்மாவுக்கு ஒவ்வொரு ஊதலிலும் நடுவே இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, மறுபடி எடுத்தேன். அவசரப்பட்டு எடுத்த ஸ்பைரோமெட்ரி, எடுக்காததைவிட மோசம்.

எஃப்விசி என்பது முழுதாக இழுத்த மூச்சை வேகமாக ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று. எஃப்இவி1 என்பது அதில் முதல் ஒரு நொடியில் வெளியேறுவது. மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் முதல் நொடிக் காற்று அதிகமாகக் குறையும். இரண்டின் விகிதம் இறங்கும். நுரையீரலே விறைத்துச் சுருங்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து குறையும். விகிதம் அப்படியே இருக்கும், சில சமயம் ஏறும். இவருக்கு எஃப்விசி எதிர்பார்க்கும் அளவில் 58 சதவீதம், விகிதம் 0.86. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியுடமால் மருந்தைக் கொடுத்து 15 நிமிடம் கழித்து ஊதச் சொன்னேன், எந்த மாற்றமும் இல்லை. ஆஸ்துமாவின் சாயல் இதில் இல்லை.

டிஎல்சிஓ சோதனையில் மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து 10 நொடி அடக்கச் சொல்வோம். காற்றறையிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அது காட்டும். இவருக்கு எதிர்பார்க்கும் அளவில் பாதிக்கும் கீழே. பிறகு 30 மீட்டர் நடைபாதையில் ஆறு நிமிட நடை. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 96. நடந்து முடிக்கையில் 87. உட்கார வைத்து விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த 96-ஐ மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

கணக்கு கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது. மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் உயர்நுண்மை சிடி ஸ்கேனில், மூச்சை வெளியே விட்ட நிலையிலும் படம் எடுக்கச் சொல்லி டாக்டர் தனியாக எழுதினார். சிறு காற்றுக்குழாய்களில் காற்று சிக்கிக்கொள்வது அப்போதுதான் தெரியும். படத்தில் திட்டுத்திட்டாகக் கறுப்பும் வெளுப்பும், நடுநடுவே தழும்பும் தெரிந்தன.

எங்கள் டாக்டரின் மீது எனக்கு மரியாதை கூடியது இதற்குப் பிறகு அவர் செய்ததால்தான். “இதை நான் ஒருத்தனே முடிவு பண்ணக் கூடாது” என்று குடும்பத்திடமே சொல்லி, படங்களைப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே நுரையீரல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், பேத்தாலஜிஸ்ட் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். தழும்பு நோய்களில் உலகெங்கும் ஏற்ற முறை அதுதான். பிராங்கோஸ்கோபியில் கழுவி எடுத்த திரவத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் மிகுந்திருந்தன. காசநோய் அதிலும் இல்லை. முடிவு: தழும்பு விழ ஆரம்பித்துவிட்ட ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ். பறவையின் எச்சத்திலும் இறகிலும் உள்ள புரதத்தை மூச்சோடு இழுத்து இழுத்து, நோய் எதிர்ப்புச் சக்தியே நுரையீரலின் நுண்ணறைகளை அழற்சிக்குள்ளாக்கும் நோய். தொற்று இல்லை, அடுத்தவருக்குப் பரவாது.

ஓராண்டு எங்கே போனது

குடும்ப டாக்டரிடம் போன மாதங்களை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது தேவையான படி. அதற்குப் பிறகு போன காலம்தான் வீண். இத்தனைக்கும் ஸ்பைரோமீட்டர் புதுக் கருவி இல்லை. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய டாக்டர் அதைப் பற்றி எழுதியது 1846-ல். தேடியவர்கள் ஆளைத் தேடினார்கள், அளவை யாரும் தேடவில்லை. ‘கைராசி’, ‘பெரிய டாக்டர்’, ‘எங்க மாமாவுக்கு சரியாச்சு’ என்ற பேச்சுகளெல்லாம் மாமாவின் நோய்க்குப் பொருந்தலாம்.

என்னைக் கேட்டால், போனில் விசாரிக்கும்போதே பாதி தெரிந்துவிடும். ஸ்பைரோமெட்ரி அங்கேயே எடுக்கிறார்களா, பயிற்சி பெற்றவர் எடுக்கிறாரா? டிஎல்சிஓ இல்லையென்றால் எங்கே அனுப்புகிறார்கள்? சிக்கலான நோய் என்றால் எந்த மருத்துவமனையோடு சேர்ந்து பார்க்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு ‘எல்லாம் இங்கேயே பார்த்துப்போம்’ என்று பதில் வந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன். பெரும்பாலான ஆஸ்துமாவுக்கும், புகையால் வரும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயான சிஓபிடிக்கும் ஸ்பைரோமெட்ரி பற்றிய முதல் இரண்டு கேள்விகளுமே போதும். குறட்டையும் பகல் தூக்கமும் என்றால் தூக்கப் பரிசோதனைக் கூடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்தால் பிராங்கோஸ்கோபி செய்பவரையே நேராகப் பார்க்க வேண்டும்.

உள்ளே போனபின் கவனிக்க ஒன்று உண்டு. இன்ஹேலரை எடுத்துத் தன் முன்னால் உங்களை இழுத்துக் காட்டச் சொல்கிறாரா? கேட்காத டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினால், உள்ளே போகாத மருந்தைத்தான் கூட்டுகிறார்.

இதெல்லாம் நிதானமாகத் தேட முடிகிறவர்களுக்கு. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாத மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்வது, திடீர் நெஞ்சுவலியோடு மூச்சடைப்பு, இருமும்போது கணிசமாக ரத்தம், இதில் எது வந்தாலும் நிபுணரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பக்கத்தில் ஏன்

நீண்டநாள் நுரையீரல் நோயில் முதல் ரிப்போர்ட்டைவிட ஐந்தாவது ரிப்போர்ட்டுக்கு மதிப்பு அதிகம். ஒரே கூடம், ஒரே கருவி, முடிந்தால் அதே டெக்னீஷியன் என்றால், எண் இறங்கியது நோயாலா அல்லது ஊதிய விதத்தாலா என்று நம்பிச் சொல்லலாம். மூச்சு வாங்குகிறவரைச் சில மாதத்துக்கு ஒருமுறை நெடுந்தூரம் அழைத்துப்போக எந்தக் குடும்பத்தாலும் தொடர்ந்து முடியாது. ஒரு தவணை தவறும், பிறகு அதுவே பழகிவிடும். அதனால் அளவெடுப்பதும் மருந்தைச் சரிசெய்வதும் பக்கத்தில், கடினமான முடிவுகள் தொலைவில் உள்ள குழுவோடு சேர்ந்து என்ற ஏற்பாடு இவர்களுக்குப் பொருந்தியது. பேர்போன டாக்டரிடம் மட்டும் போய்க்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் கருத்து.

சிகிச்சையும் இப்போதைய நிலையும்

முதல் மருந்து புறாவை விலக்குவது. கூட்டில் குஞ்சு இருந்ததால் அது பறக்கும்வரை அம்மா மகள் வீட்டில் தங்கினார். பிறகு ஆள் வைத்து, எச்சத்தைத் தண்ணீரால் நனைத்த பிறகே வழித்தெடுத்து, ஜன்னலுக்கும் வெளிப்பெட்டிக்கும் வலை அடித்தார்கள். அந்த அறையின் திரை, மெத்தை, தரைவிரிப்பு எல்லாம் வெளியே போனது. பறவை போன பிறகும் அதன் புரதம் வீட்டுத் தூசியில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் இதில் டாக்டர் கறாராக இருந்தார். ஸ்டீராய்டு தொடங்கி மெதுவாகக் குறைத்தார்கள். ஃப்ளூ, நியூமோகாக்கல் தடுப்பூசிகள் போட்டாயிற்று. மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் வாரந்தோறும் நடக்கின்றன.

கடைசியாக நான் எடுத்தபோது எஃப்விசி 66 சதவீதம். ஊதி முடிக்கும்வரை ஒரு இருமல் இல்லை. நடையில் ஆக்சிஜன் 91-க்குக் கீழே போகவில்லை. அழற்சியாக இருந்தது அடங்கியிருக்கிறது. தழும்பானது திரும்பாது, அதை டாக்டர் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டார். பள்ளிக்குப் போகிறார், தரைத்தளத்தில் வகுப்பு வாங்கிக்கொண்டார். சில மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் வந்து ஊதிவிட்டுப் போகிறார். ஓராண்டுக்குள் எஃப்விசி 5 சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ இறங்கி, கூடவே மூச்சுத் திணறலோ ஸ்கேன் படமோ மோசமானால், தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும் நின்டெடானிப் மருந்தைத் தொடங்கலாமா என்று பெரிய மருத்துவமனைக் குழுவோடு மறுபடி பேசுவதாக டாக்டர் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.